ரசிகர் நினைவில் கோப்பை ஃபைனல்: கேட்டு, சரிபார்த்து, எழுதி வைக்கும் முறை

இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹம் மாவட்டத்தில் இருக்கும் பழைய நிலக்கரி ஊர் க்ரூக். அந்த ஊர்க் கால்பந்துக் கழகமான க்ரூக் டவுன், சம்பளம் வாங்காத ஆட்டக்காரர்களுக்கென்று நடந்த அமெச்சூர் கோப்பையை 1901, 1954, 1959, 1962, 1964 என ஐந்து முறை வென்றது. ஃபைனலுக்குப் போன ஐந்து முறையும் கோப்பையோடுதான் ஊர் திரும்பியது. 1974-ல் அமெச்சூர், தொழில்முறை என்ற பிரிவையே கால்பந்துச் சங்கம் எடுத்துவிட்டது. அதோடு கோப்பையும் நின்றது. அந்த ஃபைனல்களைக் கண்ணால் பார்த்தவர்களில் மிச்சம் இருப்பவர்கள் எல்லாருக்கும் வயதாகிவிட்டது.

இப்படி ஒரு சிறு கழகத்தின் ஃபைனல் நினைவுகளை ரசிகர்களிடம் கேட்டுத் தொகுக்க இறங்குபவர்களுக்கான வழிமுறை இது. எடுத்துக்காட்டுகள் க்ரூக்கிலிருந்து வந்தாலும் வேலை எந்தக் கழகத்துக்கும் ஒன்றுதான். பெரிய கழகங்களுக்குப் படச்சுருளும் புத்தகமும் அருங்காட்சியகமும் உண்டு. சிறிய கழகத்துக்கு ரசிகரின் ஞாபகம்தான் பாதி ஆவணம்.

கேட்கப் போகும் முன் ஆட்டப் பட்டியல்

ரெக்கார்டரைக் கையில் எடுக்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது. எந்த ஆண்டு ஜெயித்தார்கள் என்ற பட்டியல் மட்டும் போதாது. எத்தனை ஆட்டம், எந்த மைதானம், என்ன கோல் கணக்கு என்பது வேண்டும். க்ரூக்கின் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய நான்கு கோப்பைகளுக்குள் ஏழு ஆட்டங்கள் இருக்கின்றன. 1954-ல் பக்கத்து ஊரான பிஷப் ஆக்லாந்துடன் லண்டனின் வெம்பிளி மைதானத்தில் 2-2. நியூகாசிலின் செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் நடந்த மறு ஆட்டமும் 2-2. மூன்றாவது ஆட்டம் மிடில்ஸ்பரோவின் ஏர்சம் பார்க்கில், அங்கேதான் 1-0 என்று முடிந்தது. 1959-ல் வெம்பிளியில் பார்னெட்டை 3-2. 1962-ல் ஹவுன்ஸ்லோ டவுனுடன் வெம்பிளியில் 1-1, பிறகு மறுபடியும் ஏர்சம் பார்க், 4-0. 1964-ல் வெம்பிளியில் என்ஃபீல்டை 2-1.

இந்தப் பட்டியலைப் பார்த்தாலே நினைவு எங்கே குழம்பும் என்று தெரிந்துவிடும். 1954-ன் முதல் இரண்டு ஆட்டங்களும் ஒரே கணக்கு, இரண்டிலும் கூடுதல் நேரம். ஏர்சம் பார்க்கில் இரண்டு முறை கோப்பை கைக்கு வந்திருக்கிறது. வெம்பிளிக்கு நான்கு பயணம். பெரியவர் ஒருவர் “மிடில்ஸ்பரோவில் ஜெயித்த அன்று” என்று தொடங்கினால், அது 1954-ஆ 1962-ஆ என்பதை அவர் சொல்லும் விவரத்தைக் கொண்டுதான் பிரிக்க முடியும். ஒரே கோலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம் என்றால் 1954. நாலாவது கோலுக்கு அப்புறம் பாட ஆரம்பித்தோம் என்றால் 1962.

ஆட்டக்காரர் பெயரை வைத்து ஆண்டைப் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஜிம்மி மெக்மில்லன் 1954, 1959, 1962, 1964 என நான்கு ஃபைனலிலும் ஆடியவர். அவர் பெயர் எந்த நினைவிலும் வரும், அதனால் எதையும் நிரூபிக்காது. ஒரே ஒரு ஃபைனலில் மட்டும் ஆடியவர்கள் யார் என்று தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; உங்களுக்கு உதவுவது அந்தப் பெயர்கள்தான்.

ஒரு ஆட்டத்துக்கு ஒரு தாள். மேலே தேதி, கிழமை, மைதானம், கணக்கு, எதிரணி. கீழே முழுக்க வெற்றிடம். கிழமையையும் பண்டிகையையும் விடாமல் எழுதுங்கள். 1954 வெம்பிளி ஆட்டம் ஏப்ரல் 10, சனிக்கிழமை; நியூகாசில் மறு ஆட்டம் ஈஸ்டர் திங்கள் விடுமுறை நாள். “சுரங்கத்தில் ஷிஃப்டை மாற்றிக் கேட்டு வாங்கிப் போனேன்” என்பவரும் “அன்று எல்லாருக்கும் லீவு” என்பவரும் ஒரே ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை என்பதற்கு இது முதல் தடயம்.

யாரை, எந்த வரிசையில்

வயதில் மூத்தவரிடமிருந்து தொடங்குங்கள். 1954-ல் பத்து வயதுப் பையன் என்றால் 1944-ல் பிறந்தவர். 1964 ஃபைனலைப் பற்றி இன்னும் சில ஆண்டுகள் கழித்தும் கேட்கலாம். 1954-க்கு அந்த அவகாசம் கிடையாது. 1901-ஐப் பார்த்தவர் எவரும் இல்லை. ஆனால் “தாத்தா சொல்வார்” என்று வருவதைத் தள்ளிவிடாமல், கேட்டறிந்த செய்தி என்று அடையாளமிட்டுத் தனித் தாளில் வையுங்கள்.

மைதானத்துக்குப் போனவர்களோடு நிறுத்திவிட்டால் தொகுப்பு அரைகுறையாகத்தான் நிற்கும். ரயிலுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தவர்கள், ஊரில் இருந்தபடி செய்திக்குக் காத்திருந்தவர்கள், அன்று கடை திறந்து வைத்திருந்தவர்கள் ஆகியோர் சொல்வது ஆட்ட வர்ணனையில் எங்கும் கிடைக்காது. தோற்ற ஊரையும் கேட்டே ஆக வேண்டும். பிஷப் ஆக்லாந்து க்ரூக்கிலிருந்து ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர்தான். அமெச்சூர் கோப்பையைப் பத்து முறை வென்ற கழகம் அது, 1955, 1956, 1957 என்று தொடர்ந்து மூன்று முறை தூக்கியது. 1954-ஐ அவர்கள் நினைவுவைத்திருக்கும் விதமே வேறு. வெம்பிளி ஆட்டத்தில் அவர்கள் அணியில் ஒருவருக்குக் கால் முறிந்தது, மாற்று ஆட்டக்காரரை இறக்கும் விதி அப்போது இல்லை, மீதி ஆட்டம் பத்துப் பேரோடு ஆடினார்கள். அங்கே அந்தப் பேச்சு முதல் வாக்கியத்திலேயே வரும். ஜெயித்த ஊரில் அதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

முதல் சந்திப்பு தனியாகவே இருக்கட்டும். நாலு பேரை ஒன்றாக உட்காரவைத்தால், குரல் ஓங்கியவரின் கதை அரைமணி நேரத்தில் நால்வரின் கதையாகிவிடும்; பிறகு அதைப் பிரித்தெடுக்க வழியே இல்லை. ஒவ்வொருவரையும் தனியாகப் பதிவு செய்து முடித்த பிறகு ஒன்றாகக் கூட்டுங்கள். அப்போது நடக்கும் வாக்குவாதம் பொன்னானது.

பதிவு

தனி ரெக்கார்டர் இல்லாவிட்டால் செல்போனே போதும், ஆனால் வேவ் கோப்பாகப் பதிவாகும் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள்: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ. ஒரு மணி நேரத்துக்கு அரை ஜிபிக்குச் சற்று மேல் வரும். எம்பி3 பிற்பாடு அனுப்புவதற்குச் சரி, மூலத்துக்குச் சரிவராது. ஃபோனை விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். மேசைப் பலகையில் நேராக வைத்தால் டீக் கோப்பையை வைக்கும் சத்தமும் விரல் தட்டும் சத்தமும் பேச்சை அழுத்திவிடும். மடித்த துண்டின் மேல், பேசுபவர் வாயிலிருந்து 30 முதல் 50 சென்டிமீட்டரில் வையுங்கள். சமையலறையில் உட்கார வேண்டாம். ஃபிரிட்ஜின் இரைச்சல் நம் காதுக்குப் பழகிப்போனது, மைக்குக்குப் பழகாது. சுவர்க் கடிகாரம் இருந்தால் அனுமதி கேட்டு வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள்.

தேதி, இடம், பேசுபவர் பெயர், பிறந்த ஆண்டு இவற்றை நீங்களே தொடக்கத்தில் சொல்லிப் பதிவு செய்து, பத்து விநாடி போட்டுக் கேட்டுப் பாருங்கள். அதன் பிறகுதான் பேச்சு. ஒரு அமர்வு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம். மணி ஆக ஆக, கேட்பவர் முகத்தைப் பார்த்து அவர் விரும்புவதைச் சொல்லத் தொடங்குவார்கள். இரண்டாம் அமர்வை ஒரு வாரம் கழித்து வையுங்கள். இடைப்பட்ட நாட்களில் தானாகவே வேறு ஞாபகங்கள் மேலே வந்திருக்கும்.

எழுத்து மூலமான சம்மதம் அன்றே வாங்குங்கள். எதை வெளியிடலாம், எதைக் குறிப்பிட்ட காலம் மூடி வைக்க வேண்டும் என்று அவரே குறிக்க இடம் விடுங்கள். அமெச்சூர் கால்பந்தில் இது வெறும் சடங்கு அல்ல. சம்பளமில்லா ஆட்டக்காரர்களின் பூட்ஸுக்குள் ரகசியமாகப் பணம் வைக்கப்பட்ட பேச்சு எல்லா ஊரிலும் வரும். சமூக வரலாறாக அது முக்கியம், பதிவில் இருக்கட்டும். யாருடைய பூட்ஸ் என்ற பெயரை மட்டும் வெளியிடும் பிரதியில் எடுத்துவிடுங்கள்.

என்ன கேட்பது

“அன்று எப்படி இருந்தது?” என்று தொடங்கினால் “அடடா, அருமை” என்பதோடு முடிந்துவிடும். உடம்போடு ஒட்டிய விவரத்தைக் கேளுங்கள். வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், யாரோடு, காலில் என்ன, சட்டைப்பையில் எவ்வளவு, டிக்கெட் யார் கையில் இருந்தது, எந்த வாசல், நின்றீர்களா உட்கார்ந்தீர்களா, முன்னால் நின்றவர் உயரமா, மூத்திரம் வந்தபோது என்ன செய்தீர்கள், திரும்பும் வண்டியில் தூங்கினீர்களா. கோலைப் பற்றிக் கடைசியில்தான் கேட்க வேண்டும். கோல் எப்படி விழுந்தது என்பதை அவர் அதற்குள் நூறு தடவை பிறருக்குச் சொல்லியிருப்பார்; அந்தக் கதை தேய்ந்து வழவழப்பாகியிருக்கும். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பற்றி யாரும் இதுவரை கேட்டிருக்க மாட்டார்கள், அதனால் அது அப்படியே இருக்கும்.

இந்த வேலையில் அதிகப் பலன் தரும் ஒரு உத்தி: வெற்றுத் தாளில் மைதானத்தின் செவ்வகத்தை மட்டும் வரைந்து, பென்சிலோடு அவரிடம் கொடுங்கள். நின்ற இடத்தில் ஒரு பெருக்கல் குறி போடச் சொல்லுங்கள். பிறகு முதல் பாதியில் நம் அணி எந்தப் பக்கம் அடித்தது, கோல் விழுந்தது உங்கள் அருகிலா எதிர்முனையிலா, ஓடி வந்த ஆள் உங்களுக்கு இடப்புறமா வலப்புறமா என்று அம்புக்குறி போடச் சொல்லுங்கள். வாயால் சொல்லும்போது வராதது கை வரையும்போது வரும். வரையும் நேரத்திலும் ரெக்கார்டர் ஓடட்டும். பத்துப் பேரின் தாள்களை வெளிச்சத்தில் ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பார்த்தால், ஒரே கோலை எதிரெதிர் முனைகளிலிருந்து பார்த்தவர்கள் யார், அன்று வேறெங்கோ இருந்துவிட்டுப் பிற்பாடு செய்திப்படத்தைப் பார்த்தவர் யார் என்பது தெரிய ஆரம்பிக்கும். செய்திப்படம் பார்த்தவரின் அம்புகள் கேமரா இருந்த பக்கத்திலிருந்தே போகும், குறி மட்டும் கோல்கம்பத்துக்குப் பின்னால் இருக்கும்.

முதல் அமர்வில் புகைப்படமோ பத்திரிகைத் துண்டோ காட்டாதீர்கள். காட்டிய பிறகு அவர் சொல்வது தன் நினைவா, படத்தில் இருப்பதா என்று அவருக்கே தெரியாது. இரண்டாம் அமர்வில் தாராளமாகக் காட்டுங்கள். முக்கியமாகப் பின்னணியில் நிற்கும் கூட்டத்தை.

சரிபார்த்தல்

நினைவைத் திருத்துவது இங்கே நோக்கமல்ல. அது எந்த ஆட்டத்தைச் சேர்ந்தது, கண்டதா கேட்டதா என்று அறிவதுதான் நோக்கம். அதற்குக் காலத்தோடு மாறிய பொருட்கள் கணக்குகளைவிட நல்ல சாட்சி.

பழைய வெம்பிளியில் கூரை அரங்கைச் சுற்றி முழுமையாக வந்தது 1963-ல். கோல்கம்பத்துக்குப் பின்னால் நின்று தொப்பலாக நனைந்தேன் என்பவர் 1964-ஐப் பற்றிப் பேசவில்லை. 1954, 1959, 1962 ஆகியவற்றில் ஒன்றில் தேடுங்கள். அங்கே மின்விளக்குக் கம்பங்கள் வந்தது 1955-ல், ஆகவே 1954 நினைவில் வெம்பிளி வெளிச்சம் வந்தால் இரண்டு பயணங்கள் கலந்திருக்கின்றன. இங்கிலாந்தில் இறைச்சிக்கும் பன்றி இறைச்சிக்கும் ரேஷன் நீங்கியது 1954 ஜூலையில். அந்த ஏப்ரலில் ஹாம் சாண்ட்விச் தாராளமாக இருந்தது என்றால், அது வேறு ஆண்டாக இருக்கலாம், அல்லது யார் வீட்டிலோ பன்றி வளர்த்திருக்கலாம். இரண்டாவதையும் கேட்டுப் பாருங்கள், பல நேரம் அதுதான் நல்ல கதை. டிக்கெட் விலையை, 1971-ல் தசம நாணய முறையோடு வந்த ‘புதிய பென்ஸ்’ கணக்கில் சொன்னால், அது பிற்பாடு மனம் மாற்றிப் போட்ட கணக்கு; பழைய ஷில்லிங்கில் கேளுங்கள்.

நிறம் தனிப் பிரச்சினை. க்ரூக்குக்கு அம்பர் மஞ்சளும் கறுப்பும், பிஷப் ஆக்லாந்துக்கு இரண்டு நீலம். அக்காலச் செய்திப்படமும் பத்திரிகைப் படமும் கறுப்பு வெள்ளை. அதனால் யாராவது நிறத்தை விவரமாகச் சொன்னால், அது படத்திலிருந்து வந்திருக்காது. கண்ணால் கண்டது, அல்லது வீட்டில் தொங்கும் மஃப்ளரிலிருந்து வந்தது. மஃப்ளர் எப்போது பின்னியது என்று கேட்டால் பாதி விடை கிடைக்கும்.

கூட்டத்தின் எண்ணிக்கையில் பெரியவர்களோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். 1954 வெம்பிளியில் ஒரு லட்சம் பேர் இருந்தார்கள் என்பது மிகைபோலக் கேட்கும்; உண்மை. மூன்று ஆட்டத்தையும் சேர்த்தால் இரண்டு லட்சத்தை நெருங்கும்.

பத்திரிகையும் தவறும், அதை மறக்கக் கூடாது. டார்லிங்டனிலிருந்து வரும் ‘நார்தர்ன் எக்கோ’ போன்ற காலை நாளிதழுக்கு எழுதிச் சரிபார்க்க ஓர் இரவு இருந்தது. சனிக்கிழமை மாலை சுடச்சுட வந்த விளையாட்டுப் பதிப்புகளுக்குச் செய்தி மைதானத்திலிருந்து தொலைபேசியில் போனது. மறுமுனையில் கேட்டு எழுதியவர் பெயரை மாற்றியிருக்கலாம், கடைசி இருபது நிமிடம் ஒரே பத்தியில் அடங்கியிருக்கும். ஆட்ட நிகழ்ச்சிப் புத்தகத்தில் உள்ள அணிப் பட்டியல் முன்கூட்டியே அச்சானது, ஆடியவர்களின் பட்டியல் அல்ல. யாராவது பேனாவால் ஒரு பெயரை அடித்து வேறு பெயர் எழுதியிருந்தால் அந்தப் பிரதிதான் விலை மதிப்பில்லாதது. பழம்பொருள் சேகரிப்பவர்கள் சுத்தப் பிரதியைத் தேடுவார்கள். நீங்கள் கிறுக்கல் பிரதியைத் தேடுங்கள்.

இடத்துக்கு அழைத்துப் போக முடிந்தால் போங்கள். செயின்ட் ஜேம்ஸ் பார்க் அதே இடத்தில்தான் இருக்கிறது, கட்டடம் மாறியிருந்தாலும் நகரத்திலிருந்து ஏறும் மேடு மாறவில்லை. பழைய வெம்பிளி போய்விட்டது. ஏர்சம் பார்க் 1990-களில் இடிக்கப்பட்டு வீடுகளாகிவிட்டாலும் மைதானத்தின் சில புள்ளிகளை அங்கே அடையாளமிட்டு வைத்திருக்கிறார்கள். அந்தத் தெருவில் நின்றால் நின்ற இடத்தைக் கைகாட்டிச் சொல்வார்கள்.

பொருட்கள்

டிக்கெட், நிகழ்ச்சிப் புத்தகம், ரோசெட் என்னும் சட்டையில் குத்தும் கழக நிறப் பூ, மஃப்ளர், சுழற்றிக் கடகடக்கவைக்கும் மர ராட்டில். எதையும் வீட்டுக்கு எடுத்துப் போகாமல் அங்கேயே படியெடுக்க முடிந்தால் நல்லது.

புகைப்படத்தை 600 டிபிஐயில் டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்யுங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு படம் என்றால் 1200, 35 மில்லிமீட்டர் நெகட்டிவ் என்றால் 2400-க்குக் குறையாமல். முதுகுப்புறத்தையும் கட்டாயம் எடுக்க வேண்டும். தேதியும் ஸ்டுடியோ முத்திரையும் அங்கேதான் இருக்கும். பசைத் தாள் ஆல்பத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள், பக்கத்தோடு சேர்த்துப் படமெடுங்கள். நிகழ்ச்சிப் புத்தகத்தின் நடுவில் ஸ்டேப்பிள் துருப்பிடித்திருந்தால் முழுக்க விரிக்காதீர்கள், மடிப்பில் கிழியும். பாதி திறந்து மேலிருந்து கேமராவால் எடுக்கலாம். கிழிசலுக்குச் செல்லோடேப் ஒட்டவே கூடாது. பத்து வருடத்தில் பசை பழுப்பாகி எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். உறை பாலியெஸ்டரில் இருக்கட்டும். பிவிசி உறை மையை உறிஞ்சிக்கொள்ளும். செய்தித்தாளை முதலில் படமெடுத்துவிடுங்கள், அது எப்படியும் நொறுங்கும். காகித ரோசெட்டில் ஈரம் பட்டால் சாயம் ஓடும், துடைக்க நினைக்காதீர்கள்.

ராட்டிலைக் கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். இவற்றில் சில போர்க்காலத்தில் நச்சுவாயு எச்சரிக்கைக்காக வழங்கப்பட்டவை. போர் முடிந்ததும் கழக நிறம் பூசப்பட்டு மைதானத்துக்கு வந்தன. கைப்பிடியையும் சட்டத்தின் உள்பக்கத்தையும் சாய்த்த வெளிச்சத்தில் பார்த்தால் பெயிண்டுக்கு அடியில் முத்திரை தெரியலாம். பல்சக்கரத்தின் எந்தப் பற்கள் தேய்ந்திருக்கின்றன, பலகை நாக்கு எங்கே விரிந்திருக்கிறது என்று படமெடுங்கள். பெயிண்ட் உதிர்ந்தால் உதிர்ந்தபடியே இருக்கட்டும். சத்தத்தையும் ஒரு முறை பதிவு செய்யுங்கள், வீட்டுக்கு வெளியே, ஃபோனை மூன்று மீட்டர் தள்ளி வைத்து. அருகில் வைத்தால் ஒலி வெடித்து ஒன்றும் கேட்காது. நாக்கில் விரிசல் தெரிந்தால் சுழற்ற வேண்டாம்.

எழுதி வைத்தல்

ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். டர்ஹம் வட்டார வழக்கைப் பாடநூல் ஆங்கிலமாக மாற்றிவிடக் கூடாது. திக்கல், தயக்கம், “இல்லையில்லை, அது வேறு” என்று தன்னையே திருத்திக்கொள்வது, எல்லாம் இருக்கட்டும். அந்தத் திருத்தம்தான் நினைவு வேலை செய்யும் இடம்.

பிறகு ஒரு நினைவுக்கு ஒரு அட்டை. அதில் நான்கு குறிப்பு போதும்: எந்த ஆட்டம், கண்டதா கேட்டதா, பதிவில் எத்தனையாவது நிமிடம், எதைக் கொண்டு சரிபார்த்தது. ஆவணத்தோடு முரண்பட்டால் அட்டையைக் கிழிக்க வேண்டாம். அவர் சொன்னதை அப்படியே மேலே எழுதி, ஆவணம் சொல்வதைக் கீழே ஒரு வரியில் போடுங்கள். வெம்பிளியில் அன்றே ஜெயித்துவிட்டதாக 1954-ஐப் பலர் நினைவுவைத்திருந்தால், ஏன் மூன்று ஆட்டம் ஒன்றாகச் சுருங்கியது என்பதே அடுத்தவரிடம் கேட்க நல்ல கேள்வி.

கோப்புப் பெயரில் ஆட்டத் தேதி முதலில் வரட்டும், ஆண்டு-மாதம்-நாள் வரிசையில். பட்டியல் தானாகவே காலவரிசையில் நிற்கும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். தொகுப்பு முடியும்வரை காத்திராமல் ஒவ்வொரு அமர்வும் முடிந்த அன்றே பிரதி எடுங்கள். கழகத்துக்கு ஒன்று, மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கு ஒன்று, சம்மதத் தாள்களோடு சேர்த்து. சம்மதம் இல்லாத பதிவைக் காப்பகத்தால் யாருக்கும் காட்ட முடியாது.

பேசியவருக்கும் ஒரு பிரதி போக வேண்டும். பென்டிரைவ் கொடுத்தால் பேரன் வரும்வரை இழுப்பறையில் கிடக்கும். 16 புள்ளி எழுத்தில், அகலமான ஓரம் விட்டு, ஒருபக்கமாக அச்செடுத்துத் தாளாகக் கொடுங்கள், கூடவே ஒரு பேனாவும். மறுபடி போகும்போது ஓரங்களில் எழுதியிருப்பார்கள். அதையும் ஸ்கேன் செய்து அதே அட்டையோடு சேருங்கள்.